கனேடியன் ஸ்கீ மராத்தான்: இரண்டு நாள், 160 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பயணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலம் தொடங்கினாலே மொன்றியல், ஒட்டாவா பக்கத்து நண்பர்கள் இதைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். சிலர் நன்றாகச் சறுக்கப் பழகியவர்கள், சிலர் போன வருடம்தான் முதன்முதலாகக் காலில் ஸ்கீ மாட்டியவர்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். தடமும் நேரமும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும், அதனால் பெயர் கொடுப்பதற்கு முன் அந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

இது பந்தயமா?

இல்லை. பெயரில்தான் மராத்தான், நடப்பது ஒரு நீண்ட பயணம். யார் முதலில் வந்தார், யார் கடைசி என்ற கணக்கே கிடையாது. கனடா தன் நூற்றாண்டைக் கொண்டாடிய 1967-இல் மொன்றியலிலிருந்து ஒட்டாவாவை நோக்கிப் பனியில் சறுக்கிப் போவதாகத் தொடங்கியது. பிறகு கியூபெக் மாகாணத்தில் ஒட்டாவா ஆற்றுக்கு வடக்கே, லஷ்யூட் ஊருக்கும் கட்டினோவுக்கும் நடுவில், மொன்டெபெல்லோ வழியாகப் போகும் காட்டுத் தடம் இதற்கு உரியதாக அமைந்தது. பிப்ரவரி நடுவில் ஒரு சனி, ஞாயிறு. மொத்தம் 160 கிலோமீட்டர், பத்துப் பகுதிகள், நாளுக்கு ஐந்து. ஒவ்வொரு பகுதியும் ஏறக்குறைய 12 முதல் 20 கிலோமீட்டர் வரை இருக்கும், அதன் முடிவில் ஒரு சாவடி.

முழு 160-ஐயும் போய்த்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். ஒரே ஒரு பகுதி போய்விட்டுப் பேருந்தில் திரும்பலாம், மூன்று போகலாம், ஒரு நாள் மட்டும் போகலாம். குழந்தைகளோடு வரும் குடும்பங்களும் பள்ளிக் குழுக்களும் அப்படித்தான் வருகிறார்கள். முதல் ஆண்டு இரண்டு அல்லது மூன்று பகுதிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். உங்களால் முடியாது என்பதால் சொல்லவில்லை. இந்தத் தடத்தின் ஏற்ற இறக்கம் எப்படி, சாவடியில் என்ன கிடைக்கும், உங்கள் கை எத்தனை மணிக்கு விறைக்கத் தொடங்குகிறது, இதெல்லாம் தெரிந்த பிறகு வந்தால் அடுத்த ஆண்டு பாதி வேலை முடிந்த மாதிரி.

வெண்கலம், வெள்ளி, தங்கம் என்கிறார்களே, அது என்ன?

முழு தூரத்தையும் போகிறவர்களுக்கு 'கூரர் தெ புவா' என்ற பிரிவு இருக்கிறது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் விலங்குத் தோல் வியாபாரத்துக்காக இந்தக் காடுகளில் திரிந்த பிரெஞ்சுக்காரர்களின் பெயர் அது. இதில் மூன்று படிகள். பத்துப் பகுதிகளையும் இரண்டு நாளில் முடித்தால் வெண்கலம். அதையே குறைந்தது ஐந்து கிலோ முதுகுச் சுமையோடு முடித்தால் வெள்ளி. படுக்கை, சாப்பாடு எல்லாவற்றையும் நீங்களே சுமந்து, சனிக்கிழமை இரவு காட்டில் வெளியிலேயே தூங்கி, ஞாயிற்றுக்கிழமை மறுபடி எழுந்து போனால் தங்கம். வரிசைப்படிதான் ஏற முடியும், வெண்கலம் முடிக்காதவருக்கு வெள்ளி கிடையாது, வெள்ளி இல்லாமல் தங்கம் கிடையாது. அது நல்ல விதி. மைனஸ் இருபதில் வெளியே தூங்குவதை யாரும் முதல் முயற்சியிலேயே பழகக் கூடாது.

எவ்வளவு வேகம் வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவுதான், ஆனால் அது நாள் முழுக்க விடாமல் வேண்டும். கணக்கைப் பாருங்கள். கூரர் தெ புவா பிரிவினர் விடிவதற்கு முன்பே, சுமார் ஆறு மணிக்குத் தலைவிளக்கு வெளிச்சத்தில் கிளம்புகிறார்கள். அன்றைய கடைசிப் பகுதிக்குள் நுழையப் பிற்பகல் சுமார் மூன்று மணி வரைதான் அனுமதி, அதற்குப் பின் வந்தால் தடத்தை மூடிவிடுவார்கள். அதாவது ஒன்பது மணி நேரத்தில் நான்கு பகுதிகள், ஏறக்குறைய 64 கிலோமீட்டர். மணிக்கு ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் சூப் குடிக்க நிற்பது, மெழுகு பூசுவது, கையுறை மாற்றுவது, செங்குத்தான ஏற்றத்தில் ஒதுங்கி மூச்சு வாங்குவது எல்லாம் அந்த ஏழுக்குள்ளேதான் அடக்கம்.

அதனால் சாவடியில் நேரம் போவதுதான் பெரும்பாலானவர்களை வெளியே தள்ளுகிறது, தடத்தில் மெதுவாகப் போவது இல்லை. நான்கு சாவடியில் ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் நின்றால் எண்பது நிமிடம் போச்சு. ஐந்து நிமிடம் போதும், சூப்பைக் கையில் வாங்கிக்கொண்டே ஸ்கீயின் அடிப்பகுதியைப் பாருங்கள், குடியுங்கள், கிளம்புங்கள். உட்காராதீர்கள்.

பனியே பார்க்காமல் வளர்ந்தவர்கள், நாற்பது வயதில் பழக முடியுமா?

முடியும். கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு, மலை உச்சியிலிருந்து வேகமாக இறங்கும் சறுக்கு மாதிரி இல்லை. இதில் குதிகால் கட்டப்பட்டிருக்காது, விரல் பகுதி மட்டும் மாட்டியிருக்கும், நடையின் நீட்சியாகவே இருக்கும். ஒரு காலில் முழு எடையையும் போட்டு வழுக்கிக்கொண்டே போவதுதான் கடினமான இடம். அது வருவதற்கு ஒரு குளிர்காலம் ஆகலாம், வந்த பிறகு அதே தூரத்துக்குப் பாதி உழைப்புதான் ஆகும். ஒரு பயிற்சியாளரிடம் இரண்டு மூன்று வகுப்பு எடுங்கள், விலையுயர்ந்த ஸ்கீ வாங்குவதைவிட அந்தப் பணம் பல மடங்கு பயன் தரும்.

பயிற்சிக்கு ஒட்டாவா பக்கம் இருப்பவர்களுக்குக் கட்டினோ பூங்காவைப் போல ஓர் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம், ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பனித்தடம் அங்கே இருக்கிறது. மொன்றியலில் வேலை முடிந்து மாலையில் மோன் ரொயால் மலையில் ஒரு மணி நேரம் போகலாம். கோடையில் சக்கரம் வைத்த ரோலர் ஸ்கீ, அதுவும் இல்லையென்றால் கைத்தடி ஊன்றி மேட்டில் வேகநடை. ஆனால் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள்: சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நீண்ட தூரம் போய்ப் பழக வேண்டும். ஒரு நாளில் ஐம்பது கிலோமீட்டர் போகத் தெரிந்தவர், மறுநாள் காலை முப்பது போகத் தெரியாமல் இருக்கலாம். உடம்பு அதைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எந்த ஸ்கீ? மெழுகு பூசுவதா, பூசாததா?

இதற்குத்தான் அதிகக் கேள்விகள் வருகின்றன. கிளாசிக் முறையில், அதாவது இரண்டு இணையான தடங்களில் கால் வைத்துப் போகும் முறையில், ஸ்கீயின் நடுப்பகுதி பனியைப் பிடிக்க வேண்டும், முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். அந்தப் பிடிப்பு மூன்று விதமாகக் கிடைக்கும். அடியில் மீன் செதில் மாதிரி வெட்டிய ஸ்கீ, அடியில் மோஹேர் என்ற ஆட்டு ரோமப் பட்டை ஒட்டிய ஸ்கீ, அல்லது பிடிமெழுகு பூசும் ஸ்கீ.

மெழுகைப் பனியின் வெப்பத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்விக்ஸ் நிறுவனத்தின் டப்பாக்களில் பச்சை என்றால் ஏறக்குறைய மைனஸ் 8 முதல் மைனஸ் 15 வரை, புளூ எக்ஸ்ட்ரா மைனஸ் 1 முதல் மைனஸ் 7 வரை. குளிர் அதிகமாக அதிகமாகக் கெட்டியான மெழுகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க மென்மையான மெழுகு. அதிகாலை மைனஸ் இருபதில் கிளம்பி மதியம் மைனஸ் ஆறில் இருப்பீர்கள், காலையில் பிடித்த மெழுகு மதியம் பிடிக்காது. அப்போது பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை, மென்மையானதை அதன் மேலேயே பூசித் தக்கையால் தேய்த்தால் போதும். மென்மையான மெழுகின் மேல் கெட்டியானது ஒட்டாது என்பதால் மறுபக்கம் திரும்புவது கடினம், ஆகவே காலையில் கெட்டியான பக்கமே சாயுங்கள்.

இன்னொன்று, நாளுக்கு எண்பது கிலோமீட்டரில் மெழுகு தேய்ந்தே போய்விடும், முக்கியமாகப் பனி பழையதாகக் கரகரவென்று இருந்தால். முந்தின நாள் இரவே இஸ்திரிப் பெட்டியால் அடிமெழுகு ஒன்றைச் சூடாக இறக்கி, அதன் மேல் மெல்லிய பல அடுக்குகளாகப் பூசி வையுங்கள். ஒரே தடித்த அடுக்கு வேண்டாம், அதில் பனி கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் தலைவலி என்று தோன்றினால் ரோமப் பட்டை ஸ்கீ எடுங்கள். நன்றாக மெழுகு பூசிய ஸ்கீயைவிடக் கொஞ்சம் மெதுவாக வழுக்கும், ஆனால் நாள் முழுக்க நம்பகமாகப் பிடிக்கும். பகுதி மட்டும் போகிறவர்கள் செதில் ஸ்கீயை வாடகைக்கு எடுத்தாலே போதும்.

என்ன உடுத்துவது?

கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வீட்டு வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் முதல் ஏற்றத்தில் வியர்த்துவிடுவீர்கள், அந்த வியர்வை அடுத்த இறக்கத்தில் உங்களை உறைய வைக்கும். தோலோடு ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை, அதன் மேல் இன்னொரு மெல்லிய அடுக்கு, மேலே காற்றுத் தடுப்பு. பருத்தி எங்குமே வேண்டாம், உள்ளாடையில் கூட. நனைந்த பருத்தி உலராது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இறகு அடைத்த ஜாக்கெட் ஒன்று முதுகுப் பையில் இருக்கட்டும், நிற்கும்போது மட்டும் மேலே போட்டுக்கொள்ள.

ஆண்கள் கால்சட்டையின் முன்பக்கத்தில் காற்றுத் தடுப்புத் துணி இருக்கிறதா என்று பாருங்கள். கூச்சப்பட்டு யாரும் சொல்வதில்லை, ஆனால் எதிர்காற்றில் மணிக்கணக்கில் போகும்போது அங்கே பனிக்கடி வருவது நிஜம்.

கை விறைத்தால்?

உடனே நிறுத்திச் சரிசெய்யுங்கள், அடுத்த சாவடி வரை பார்க்கலாம் என்று இழுக்காதீர்கள். வலிக்கும் வரை பரவாயில்லை, இரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். வலி நின்று மரத்துப்போய், தோல் மெழுகு மாதிரி வெளிறினால் அது பனிக்கடியின் தொடக்கம். கையை அக்குளுக்குள் அல்லது வயிற்றோடு தோல் படும்படி வையுங்கள். பனியால் தேய்ப்பது பழைய தவறான வைத்தியம், சதையைக் கிழித்துவிடும். மூக்கு நுனியும் கன்னமும் வெளுப்பது உங்களுக்கே தெரியாது, ஆகவே கூட வருபவர் முகத்தை அவ்வப்போது நீங்கள் பாருங்கள், உங்கள் முகத்தை அவர் பார்க்கட்டும். விரல் தனித்தனியாக இல்லாத தடித்த கையுறை ஒரு ஜோடி உபரியாகக் கட்டாயம். யாருக்காவது உளறல், தடுமாற்றம், பதில் சொல்லத் தாமதம் தெரிந்தால் அது களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், உடம்புச் சூடு இறங்குவதன் அடையாளம் அது. அவருக்கு அத்தோடு பயணம் முடிந்தது.

சாப்பாடு, தண்ணீர்?

மிதமான வேகத்தில் போனாலும் மணிக்கு 500 முதல் 700 கலோரி வரை செலவாகும். பத்து மணி நேரத்துக்கு அதைப் பெருக்கினால் ஒரு நாளில் அத்தனையையும் சாப்பிட்டு ஈடுகட்ட முடியாது என்பது தெரியும். முடிந்தவரை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், பசி வருவதற்கு முன்பே. பசித்த பிறகு சாப்பிட்டால் அது வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணியில் கால் கனத்துக் குளிரும் ஏறிவிடும்.

சாவடிகளில் சூடான சூப், குடிக்க ஏதாவது, தின்பண்டம் வைத்திருப்பார்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் அதை நம்பி இருக்காமல் சொந்தமாகக் கொண்டுபோங்கள். குளிரில் எது எப்படி மாறும் என்பதை வீட்டில் ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்துச் சோதித்துவிடுங்கள். சாக்லேட் பாரும் எனர்ஜி பாரும் பல்லை உடைக்கும், பேரீச்சை இறுகும், புளிச்சோறு மணிமணியாய் உறைந்துபோகும். எள்ளுருண்டையும் கடலை உருண்டையும் சிறிதாக உருட்டி உள்சட்டைப் பையில் வைத்தால் அருமையாக இருக்கும், கொழுப்பும் சர்க்கரையும் ஒரே வாயில் கிடைக்கும். உப்புக்கு வறுத்த முந்திரி.

குளிரில் தாகம் எடுக்காது, ஆனால் நீர் வெளியேறிக்கொண்டேதான் இருக்கும், ஒவ்வொரு மூச்சிலும் வெண்புகையாய்ப் போவது உங்கள் உடம்பின் தண்ணீர்தான். குழாய் வைத்த தண்ணீர்ப் பை வேண்டாம், குழாய் முதலில் உறையும். சிறிய பிளாஸ்க்கில் சுடுதண்ணீர், லேசாக இனிப்பும் உப்பும் போட்டு.

இறக்கங்கள் பயமாக இருக்கின்றன.

முன்னால் போனவர்கள் சறுக்கிச் சறுக்கிச் சில வளைவுகள் பளபளவென்று ஐஸாகவே ஆகியிருக்கும். ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டி வேகம் குறைக்கும் முறையைத் தூக்கத்தில் கேட்டாலும் செய்யும் அளவுக்குப் பழகுங்கள். முதுகில் சுமை இருந்தால் அது வேறு விதமாகவே நடந்துகொள்ளும், அதனால் பையோடும் பழக வேண்டும். நம்பிக்கை இல்லாத இறக்கத்தில் ஸ்கீயைக் கழற்றி ஓரமாக நடந்து இறங்குங்கள். விழுந்தால் தடத்திலிருந்து உடனே விலகுங்கள், பின்னால் வருபவருக்கு உங்களைத் தவிர்க்க இடம் இருக்காது.

தங்கப் படிக்காரர்களின் முகாமில் இரவு எப்படி இருக்கும்?

காட்டில் ஒரு திறந்த வெளி, ஆங்காங்கே பெரிய நெருப்பு, அடியில் விரித்துக்கொள்ள வைக்கோல். வைக்கோலும் விறகும் தருவார்கள், மற்றது எல்லாம் உங்கள் முதுகில் வந்தது. அதனால் பை பொதுவாகப் பத்துக் கிலோவைத் தாண்டிவிடும், நிறையப் பேர் அதைக் குறைக்கக் கிராம் கணக்குப் பார்க்கிறார்கள். படுக்கையில் மட்டும் அந்தக் கணக்கு வேண்டாம். மைனஸ் இருபத்தைந்து, முப்பது வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக், அடியில் நல்ல தடுப்புப் பாய். மேலிருந்து வரும் குளிரைவிடத் தரையிலிருந்து ஏறும் குளிர்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியது, நெருப்பருகே போய் உட்காருவது இல்லை. முதலில் ஈரத் துணி அனைத்தையும் மாற்றுங்கள், உடம்பில் சூடு இருக்கும்போதே. அப்புறம் சூடாகக் கொழுப்பாக ஏதாவது சாப்பிடுங்கள், நெய் ஊற்றிய உடனடி நூடுல்ஸ் கூடப் பிரமாதமாக இருக்கும். நெருப்பில் காலணியை உலர்த்தப் போய் அடிப்பகுதியை உருக்கியவர்கள் உண்டு, கொஞ்சம் தள்ளியே வையுங்கள். தூங்கும்போது பூட்ஸை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் உறைந்த பூட்ஸுக்குள் கால் நுழையாது. சுடுதண்ணீர் பாட்டிலை இறுக மூடிக் காலடியில் வைத்தால் இரவுக்குக் கணப்பு, காலையில் குடிக்கத் தண்ணீர். தலையை வெளியே விட்டே மூச்சு விடுங்கள், உள்ளே விட்டால் பேக் நனையும். இரவில் சிறுநீர் வந்தால் அடக்காமல் எழுந்து போய்விட்டு வாருங்கள், அடக்கிக்கொண்டு படுத்தால் தூக்கமே வராது.

இதை முதன்முறையாக அந்த முகாமில் செய்து பார்க்காதீர்கள். ஜனவரியில் ஒரு குளிர்ந்த இரவில் வீட்டுக் கொல்லையில் படுத்துப் பாருங்கள், தோற்றால் கதவைத் திறந்து உள்ளே போய்விடலாம்.

இரண்டாம் நாள் காலை எழுந்திருக்கவே முடியாதாமே?

முதல் அரை மணி நேரம் மோசம்தான். தொடை, தோள்பட்டை, உள்ளங்கை எல்லாம் பிடித்துக்கொண்டிருக்கும். பிப்ரவரி நடுவில் அங்கே சூரியன் உதிப்பது ஏழு மணி வாக்கில், ஆகவே ஒரு மணி நேரம் இருட்டிலேயே போக வேண்டியிருக்கும், முன்னும் பின்னும் விளக்குகள் வரிசையாக மரங்களுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே திரும்பத் திரும்ப வருபவர்களை எனக்குத் தெரியும், நானும் அவர்களில் ஒருவன். கொப்புளம் இருந்தால் கிளம்புவதற்கு முன்பே ஒட்டுப்பட்டி போடுங்கள். வேகத்தை முதல் பகுதி முடியும் வரை தொடவே வேண்டாம்.

பாதியில் விட நேர்ந்தால்?

சாவடியில் சொல்லுங்கள், பேருந்தில் கொண்டுபோய் விடுவார்கள். கெஞ்ச வேண்டியதில்லை, விளக்கவும் வேண்டியதில்லை. இரண்டு சாவடிக்கு நடுவில் விடுவதுதான் ஆபத்து, அங்கே பனி வண்டி வரும் வரை அசையாமல் காத்திருக்க வேண்டும். அதனால் "அடுத்ததையும் பார்த்துவிடலாமா" என்ற சந்தேகம் வந்தால், சூப் குடித்து முடித்து இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கேளுங்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் நில்லுங்கள்.

மற்ற நாட்களில் அந்தத் தடத்தில் போய்ப் பழகலாமா?

கூடாது. தடத்தின் பெரும்பகுதி தனியார் நிலங்கள் வழியாகப் போகிறது, அந்த உரிமையாளர்கள் இந்த நிகழ்வுக்காக மட்டும் வழி விடுகிறார்கள். யாரோ ஒருவர் மிட்டாய்க் காகிதத்தை எறிந்ததால் ஒரு நிலத்தின் வழி மூடினால் மொத்தத் தடமும் வளைந்து போக வேண்டியதாகிவிடும். குப்பையைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்ராபிட் என்று எல்லாரும் சொல்கிறார்களே, யார் அவர்?

ஹெர்மன் ஸ்மித் யோஹான்சன். 1875-இல் நார்வேயில் பிறந்து கனடாவுக்கு வந்து, கியூபெக்கின் லாரன்ஷியன் மலைகளில் பனித்தடங்கள் வெட்டியவர், மேப்பிள் லீஃப் தடம் அவருடைய வேலை. இந்த நாட்டில் சாதாரண மக்கள் கிராஸ் கன்ட்ரி சறுக்கில் இறங்கியதற்கு அவரைவிடப் பெரிய காரணம் இல்லை. நூறு வயதைத் தாண்டியும் சறுக்கினார், 1987-இல் 111 வயதில் காலமானார். நாற்பதில் தொடங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு அவர் கதையைச் சொல்வேன்.

இதே போல வேறு எங்கே?

ஸ்வீடனின் வாசாலோப்பெட் 90 கிலோமீட்டர், ஆனால் ஒரே நாள், அதுவும் நேரக் கணக்கோடு. நார்வேயின் பிர்கபைனர் 54 கிலோமீட்டர், 3.5 கிலோ சுமையோடு. பல நாள் பயணம்தான் வேண்டும் என்றால் பின்லாந்தில் ரஷ்ய எல்லைப் பக்கமிருந்து ஸ்வீடன் எல்லை வரை ஏழு நாளில் 400 கிலோமீட்டருக்கு மேல் போகும் ரயால்டா ரயாலே இருக்கிறது. அதில் இரவில் கூரைக்கடியில் தூங்கலாம், சாமான் வண்டியில் வரும். தூரம் இரண்டரை மடங்குக்கு மேல், ஆனால் சுமை இல்லை.

அந்த வாரம் பனி உருகிவிட்டால்?

நடக்கிறது, இப்போதெல்லாம் முன்பைவிட அடிக்கடி. சில பகுதிகளைச் சுருக்குவார்கள் அல்லது நீக்குவார்கள், மிக மோசமானால் நிகழ்வே இல்லாமல் போகலாம். உருகி மறுபடி உறைந்த தடத்தில் சாதாரண பிடிமெழுகு ஒரு கிலோமீட்டர் கூட நிற்காது, கிளிஸ்டர் என்ற பசைமெழுகுதான் வேண்டும், குழாயிலிருந்து பிதுக்கிப் பூசுவது. கையெல்லாம் ஒட்டும், பையெல்லாம் ஒட்டும், அதனால் அதைத் தனிப் பையில் சுற்றி, துடைக்கக் கொஞ்சம் துணியும் வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வானிலை அறிக்கை பார்த்துவிட்டு அதை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தால் போதும்.